பேரேட்டுக்கு முன் ஒப்பந்தம்: உரிம நிறுவனங்களின் நிதி வலுவும் தணிக்கையாளரின் கடமையும்

ஏழாவது தளம் எழுப்பும் கேள்வி

தூத்துக்குடித் துறைமுகத்தின் 7-வது தளத்தில் சரக்குப் பெட்டக முனையம் அமைத்து நடத்துவதற்கான உரிம ஒப்பந்தம் 1998 ஜூலையில் கையெழுத்தானது. உரிமம் தந்தது துறைமுகப் பொறுப்புக் கழகம். பெற்றது, சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ.வும் சென்னையின் சிக்காலும் சேர்ந்து தொடங்கிய பி.எஸ்.ஏ. சிக்கால் டெர்மினல்ஸ். 30 ஆண்டுகள் நடத்திவிட்டு முனையத்தைத் துறைமுகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கையாளும் ஒவ்வொரு பெட்டகத்துக்கும் துறைமுகத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். ஆனால் வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தை நிறுவனம் தன் விருப்பப்படி ஏற்ற முடியாது. 1997-இல் அமைக்கப்பட்ட முக்கியத் துறைமுகங்களுக்கான கட்டண ஆணையமே அதை நிர்ணயித்தது. கட்ட வேண்டிய தொகை ஓர் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்க, வாங்கக்கூடிய தொகை வேறோர் அமைப்பின் ஆணையில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் எஞ்சுவதுதான் நிறுவனத்தின் வாழ்வு.

2003 ஜூலை 29 அன்று மத்தியக் கப்பல் துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, துறைமுகத்துக்குக் கட்டும் ராயல்டியைக் கட்டண நிர்ணயத்தில் செலவாகச் சேர்க்கக் கூடாது என்றது. ஏலத்தில் பெரிய ராயல்டி சொல்லி உரிமத்தைப் பிடித்தவர், அந்தச் சுமையை அப்படியே சரக்கு அனுப்புவோர் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்பது இதன் நியாயம். அந்த நாளுக்கு முன் ஏலம் முடிந்த ஒப்பந்தங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: நடத்துபவருக்கு நட்டம் வராத அளவுக்கு ராயல்டியைக் கணக்கில் கொள்ளலாம், ஆனால் ஏலத்தில் அடுத்த இடத்தில் நின்றவர் கேட்ட தொகைக்கு மேல் போகக் கூடாது. தூத்துக்குடி நிறுவனம், தன் தொழில் தாக்குப்பிடிக்க முடியாததாகிவிட்டது என்று சொல்லி, ராயல்டி முறையிலிருந்து வருவாய்ப் பங்கு முறைக்கு மாறக் கோரி நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயம் 2014 பிப்ரவரியில் அதற்குச் சாதகமாக முடிவு சொன்னது. மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ரோஹின்டன் நாரிமன், பி.ஆர். கவாய் அமர்வு உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. ஒரு தரப்பு சம்மதிக்காத நிலையில், இருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நடுவர் தாமே திருத்தி எழுத முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கை நடுவர் அதிகாரத்தின் எல்லைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். இக்கட்டுரை அதைக் கணக்கியல் பக்கத்திலிருந்து பார்க்கிறது. பிறரிடம் உரிமம் பெற்று, அவர் விதித்த நிபந்தனைக்குள் தொழில் நடத்தும் நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்பதை மதிப்பிடுவதில் தணிக்கையாளரின் இடம் எது? என் வாதம் இதுதான்: இத்தகைய நிறுவனத்தின் நிதி வலு அதன் பேரேட்டில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. எனவே தணிக்கையாளர் முதலில் படிக்க வேண்டிய கணக்கு ஒப்பந்தமே. குறிப்பிட்ட நிறுவனம் ஒன்றின் தணிக்கை அறிக்கைகளைக் குறை சொல்வது இங்கே நோக்கமல்ல. பெட்ரோல் பங்க் டீலர்ஷிப் முதல் பெயர்பெற்ற உணவகத்தின் கிளை உரிமம் வரை இதே அமைப்புத்தான் என்பதால், கேள்வி துறைமுகத்தோடு நிற்பதும் இல்லை.

இதுவரையான புரிதல்

தணிக்கை என்றால் முடிந்த ஆண்டைச் சரிபார்ப்பது என்ற எண்ணம் பொதுவானது. 1896-இல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு இந்த எண்ணத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. தணிக்கையாளர் நியாயமான கவனத்தோடு பார்த்தால் போதும், சந்தேகத்துக்கு இடமில்லாதபோது துப்பறிய வேண்டியதில்லை என்பது அதன் நிலை. நிறுவனம் நாளை என்னவாகும் என்பது கடன் தரும் வங்கியும் திட்ட ஆலோசகரும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்ற பாகுபாடு இங்கிருந்து வளர்ந்தது.

இன்றைய இந்திய விதிகள் இந்தப் பாகுபாட்டை ஓரளவு கடந்துவிட்டன. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் திருத்தப்பட்ட 570-ஆம் தணிக்கைத் தரநிலை, நிறுவனம் தொடர்ந்து இயங்கும் என்ற அனுமானம் சரிதானா என்று பார்க்கச் சொல்கிறது. அந்த மதிப்பீடு குறைந்தது 12 மாதங்களைத் தழுவ வேண்டும். 2020-இன் நிறுவனத் தணிக்கை அறிக்கை ஆணை இன்னும் வெளிப்படையானது. இருப்புநிலைக் குறிப்பின் தேதியில் உள்ள கடன்களில் ஓராண்டுக்குள் தவணை வருவனவற்றை நிறுவனத்தால் கட்ட முடியுமா என்பதில் பெரிய ஐயம் உண்டா என்று தணிக்கையாளர் தம் கருத்தைச் சொல்ல வேண்டும். ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் 2018-இல் சரிந்தது இந்தக் கவலையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. கேள்வி கேட்கும் கடமை விதியில் வந்துவிட்டது. எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். 30 ஆண்டு உரிமத்தை 12 மாதச் சாளரத்தின் வழியே பார்க்கும் முறை, உரிம நிறுவனத்துக்கு உரியதே அல்ல.

கணக்கில் தெரியாத ஆண்டு

இதை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. முனையம் ஒரு பெட்டகத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம் வாங்குகிறது, அதை ஏற்ற அனுமதி இல்லை. ஒரு பெட்டகத்துக்கு ஆகும் செலவு 500 ரூபாய். ராயல்டி முதல் ஆண்டில் 200 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறும். தொடக்கத்தில் பெட்டகத்துக்கு 300 ரூபாய் மிஞ்சுகிறது. 12-ஆம் ஆண்டில் ராயல்டி ஏறத்தாழ 466 ரூபாய், மிச்சம் 34. 13-ஆம் ஆண்டில் ராயல்டி 504 ரூபாயைத் தொட, மிச்சம் மறைகிறது. 17 ஆண்டுகள் இன்னும் பாக்கி. முதல் 12 ஆண்டும் லாப நட்டக் கணக்கு லாபத்தையே காட்டும், தவணைகள் தவறியிருக்காது, அடுத்த 12 மாதத்தைப் பற்றிய ஐயம் எதுவும் தலைகாட்டாது. ஆனால் 13-ஆம் ஆண்டின் நட்டம் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே எழுதப்பட்டுவிட்டது.

சரக்கு பெருகினால் சரியாகிவிடாதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில் சொல்கிறது. பெட்டக எண்ணிக்கை கூடினால் கிரேன், தளம், நிர்வாகம் போன்ற நிலையான செலவுகள் அதிகப் பெட்டகங்களில் பரவும்; ஒரு பெட்டகத்தின் செலவு 500-இலிருந்து 450-க்கு இறங்கலாம். ராயல்டி பெட்டகக் கணக்கில் விதிக்கப்படுவதால் அது பரவாது. 50 ரூபாய்ச் சேமிப்பு முடிவை இரண்டோர் ஆண்டு தள்ளிப்போடும், அவ்வளவுதான். வருவாய்ப் பங்கு முறையில் நிலை வேறு: கட்டணம் குறைந்தால் துறைமுகத்தின் பங்கும் கூடவே குறையும். எந்த முறை நல்லது என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகங்களுக்கென 2018-இல் திருத்தப்பட்ட முன்மாதிரி ஒப்பந்தம், வருவாய்ப் பங்கை விட்டு, கையாளும் சரக்கின் அளவுக்கு ராயல்டி என்ற முறைக்கே மறுபடி போனது. எந்த முறையானாலும், நிச்சயமின்மையை யார் சுமக்கிறார் என்பது ஒப்பந்தத்தின் சில வரிகளில் தீர்மானமாகிறது.

கணக்கியல் விதிகளே இந்த வரிகளை மறைக்க உதவுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கையாளும் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் ராயல்டி, அந்தந்த ஆண்டின் செலவாகவே ஏட்டில் ஏறுகிறது. வருங்கால ராயல்டி இருப்புநிலைக் குறிப்பில் கடனாக நிற்பதில்லை. சொத்துப் பக்கத்திலோ, முனையத்தை நடத்திக் கட்டணம் வசூலிக்கும் உரிமை ஒரு புலப்படாச் சொத்தாக இடம்பெற்று, உரிமக் காலம் முழுவதும் சிறிது சிறிதாகத் தள்ளுபடியாகிறது. உரிமையின் விலை தெரிகிறது, அதன் சுமை தெரிவதில்லை. படிப்பவருக்கு அரைப் படமே கிடைக்கிறது.

இதே கரையின் இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பிட்டால் உரிம நிறுவனத்தின் தனித்தன்மை புலப்படும். வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக 10 லட்சம் ரூபாய் மூலதனத்தோடு பதிவானது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கொழும்புப் பயணக் கட்டணத்தை 1 ரூபாயாக வெட்டியபோது சுதேசிக் கப்பல் அதை அரை ரூபாயாக வெட்டியது. அது கொடுமையான போட்டி. அரசின் பகையும் சேர்ந்து சங்கத்தை வீழ்த்தியது. ஆனாலும் கட்டணத்தைக் குறைக்கவும், வேறு கப்பல் அமர்த்தவும், பங்குதாரரிடம் மேலும் பணம் கேட்கவும் அதற்கு உரிமை இருந்தது. உரிம நிறுவனத்துக்கோ விலையும் இடமும் சில நேரங்களில் செலவுமே பிறர் கையில். அதனால்தான் அதன் வலுவை நிர்வாகத் திறமையைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடிவதில்லை.

பாரில் எடுத்த மாதிரி

உரிமம் தரும் முன் அதன் வலுவை ஆராயும் வழக்கம் தூத்துக்குடிக் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பு அரசின் உடைமையாக இருந்தது. கடலில் இறங்கும் உரிமை எப்போதும் மேலிருந்து தரப்பட்டதே. குளிப்பை அறிவிக்கும் முன், சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களைச் சோதித்தார்கள். தோளாயிரம் பார் போன்ற இடங்களிலிருந்து மாதிரியாகச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று கணித்தார்கள். சிப்பியின் வயதும் பார்க்கப்பட்டது: நாலைந்து வயதில் முத்து நல்ல விலை தரும், அதைத் தாண்டிக் காத்திருந்தால் சிப்பியே செத்துப்போகலாம். 1830-க்கும் 1856-க்கும் இடையே தூத்துக்குடிப் பார்கள் 13 முறை சோதிக்கப்பட்டன. லாபமாகக் குளிக்கும் அளவுக்கு முதிர்ந்த சிப்பி இல்லை என்றே ஒவ்வொரு முறையும் முடிவானது. இந்த 13 மறுப்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். வருவாய்க்காகக் காத்திருந்த அரசிடம், அந்த அரசின் ஆய்வே கால் நூற்றாண்டுக்கு 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது.

அந்த ஆய்வில் குறையும் இருந்தது. முத்தை மதிப்பிடும் வியாபாரி, ஏலத்தில் அதை வாங்குபவராகவும் இருக்க முடியும். குறைத்து மதிப்பிட்டால் ஆதாயம் அவருக்கே. மணல் மூடுவதையும் சிப்பி தின்னும் மீன்களின் படையெடுப்பையும் எந்த மாதிரியும் முன்கூட்டிச் சொல்லாது. இவற்றுக்கு நடைமுறை கண்ட விடைதான் முக்கியம். இரு கரைகளிலும் தொடக்கத்தில் குளிப்பு மொத்தத் தொகைக்குக் குத்தகை விடப்பட்டது. குத்தகைதாரர் பணத்தைக் கட்டிவிட்டுக் கடலை நம்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பங்கு முறை நிலைபெற்றது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கு, மீதி அரசுக்கு; அரசின் பங்கு ஆயிரக் கணக்கில் ஏலம் போனது. கடல் பொய்த்தால் எல்லோருக்கும் குறைந்தது. ராயல்டியா வருவாய்ப் பங்கா என்று 7-வது தளத்தில் எழுந்த வழக்கை இந்தக் கரை முத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

பங்கு முறையை விட்டு மொத்தத் தொகைக்குத் திரும்பியதன் விளைவை எதிர்க்கரையில் காணலாம். இலங்கைப் பார்களில் 1892 முதல் பத்தாண்டுக்கு மேல் குளிப்பே இல்லை. 1903-இல் மீண்டும் தொடங்கியது. 1905-இல் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு அரசுக்கு 25 லட்சம் ரூபாய் அளவில் வருவாய் வந்தது. இந்தச் செழிப்பின் உச்சத்தில், 1906-இல், லண்டனில் தொடங்கப்பட்ட சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907 குளிப்போடு சிப்பி ஓய்ந்தது. அடுத்த குளிப்பு 1925-இல்தான். கம்பெனி அதற்கு வெகு முன்னரே கலைந்துவிட்டது. பிரிட்டனின் 1900-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனங்களுக்குத் தணிக்கை கட்டாயமாகத்தான் இருந்தது. ஆனால் 1907 வரையிலான ஏடுகளை எவ்வளவு நேர்மையாகச் சரிபார்த்தாலும், ஆபத்து அவற்றில் அகப்பட்டிருக்காது. வாடகை ஆண்டுதோறும் தவறாமல் வரும், சிப்பி அப்படி வராது என்ற உண்மையைக் குத்தகைப் பத்திரத்தையும் பார்களின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தவரே கண்டிருக்க முடியும். 1837 முதல் 1854 வரை அங்கே குளிப்பு இல்லாமல் போனது அப்போதே பதிவாகியிருந்த செய்தி.

ஒப்பந்தம் ஒன்று, தணிக்கையாளர் இருவர்

இன்றைய துறைமுக உரிமத்தை இரண்டு தணிக்கைகள் தொடுகின்றன. உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அதன் பங்குதாரர் நியமிக்கும் தணிக்கையாளர் உண்டு. உரிமம் தந்த துறைமுகத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். முக்கியத் துறைமுகங்களின் அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களைப் பற்றி அவருடைய தனி அறிக்கையே 2015-இல் வந்திருக்கிறது. அரசுத் தணிக்கையின் முதன்மையான கவலை துறைமுகத்துக்கு வர வேண்டிய பணம் வந்ததா என்பது. நிறுவனத் தணிக்கையின் கவலை ஏடு உண்மையைக் காட்டுகிறதா என்பது. ஒப்பந்தம் அதன் காலம் முழுவதும் நடக்கத்தக்கதா என்ற கேள்வி இருவருக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசோடு வருவாயைப் பங்கிடுவதால் அவற்றின் கணக்கையும் தலைமைத் தணிக்கையாளர் பார்க்கலாம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது முக்கியமான திறப்பு. ஆனால் அங்கும் நோக்கம் அரசின் பங்கு குறையாமல் வருவதுதான்.

உரிமம் தந்தவரின் நலனும் நிறுவனத்தின் வலுவில்தான் இருக்கிறது. முனையம் முடங்கினால் துறைமுகம் இழப்பது ராயல்டியை மட்டுமல்ல. கப்பல்கள் கொழும்புக்கோ கொச்சிக்கோ திரும்பும், தூத்துக்குடியின் உப்பும் கடல் உணவும் திருப்பூரின் பின்னலாடையும் வேறு வழி தேடும். 2022 மே மாதத்தில் மத்திய அரசு, நெருக்கடியில் சிக்கிய துறைமுகக் கூட்டுத் திட்டங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட வேண்டி வந்தது. நோய் முற்றிய பிறகு வந்த மருந்து அது.

மறுப்புகளும் விடைகளும்

தணிக்கையாளர் சோதிடர் அல்லர் என்பது முதல் மறுப்பு. 30 ஆண்டுக்கு அப்பால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் இங்கே கேட்பது ஊகமல்ல. ராயல்டி அட்டவணை ஊகமல்ல, எழுதப்பட்ட எண். கட்டணக் கட்டுப்பாடும் எழுதப்பட்ட விதி. மேலும் தரநிலைகளே நீண்ட பார்வையைக் கேட்கின்றன. சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா என்று சோதிக்கும்போது, உரிமத்தின் எஞ்சிய காலத்தில் வரக்கூடிய பண வரவை நிர்வாகம் மதிப்பிட்டாக வேண்டும்; அந்த மதிப்பீட்டின் அனுமானங்களைத் தணிக்கையாளர் சோதித்தாக வேண்டும். மதிப்பீட்டுக் காலத்துக்கு அப்பால் ஐயம் தரும் நிகழ்வு எதையும் நிர்வாகம் அறிந்திருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்வதும் அதே 570-ஆம் தரநிலைதான். வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே போகும் பழக்கம் இல்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. தணிக்கையாளர் ஐயம் எழுப்பினால் வங்கி கடனைச் சுருக்கும், வாடிக்கையாளர் விலகுவார், பிழைத்திருக்கக்கூடிய நிறுவனமும் விழும் என்கிறார்கள். 12 மாதச் சாளரத்துக்கு இந்த அச்சம் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஐயம் வெளிவருவது கடைசி நேரத்தில். 13-ஆம் ஆண்டு நட்டத்தை 3-ஆம் ஆண்டிலேயே குறிப்பாக எழுதினால் பீதிக்கு இடமில்லை. பேசவும் திருத்தவும் கால அவகாசம் இருக்கிறது. ஐயத்தை அறிவிப்பதும், ஒப்பந்தச் சுமையை ஆண்டுவாரியாக வெளிப்படுத்துவதும் ஒன்றல்ல. நான் கேட்பது பின்னதை.

கண்ணைத் திறந்துகொண்டு அதிக ராயல்டி சொன்னவர் அதன் பலனை அனுபவிக்கட்டும் என்பது மூன்றாவது மறுப்பு. ஒப்பந்தத்தின் புனிதத்தை 2021 தீர்ப்பு உறுதிப்படுத்தியதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு தணிக்கையாளரின் கடமையைக் கூட்டியிருக்கிறது. ஒப்பந்தம் பிறகு எப்படியாவது திருத்தப்படும், நடுவர் தீர்ப்பில் நிவாரணம் வரும் என்ற நம்பிக்கையை நிர்வாகம் தன் மதிப்பீட்டில் இதுவரை சேர்த்திருக்கலாம். இனி அந்த நம்பிக்கையைச் சான்றாக ஏற்பது கடினம். எழுதியபடியே நடக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்க வேண்டும். அதீத ஏலம் கேட்டவருக்கு இது சலுகையும் அல்ல. அவர் என்ன கேட்டார் என்பதைச் சிறு பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் தெரிந்துகொள்வதற்கான வழி.

கூலி தருபவரையே தணிக்கையாளர் எப்படிக் கேள்வி கேட்பார் என்ற கடைசி மறுப்பை எளிதில் தள்ள முடியாது. முத்தை மதிப்பிட்ட வியாபாரியின் நிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தணிக்கை நிறுவனங்களைச் சுழற்சியில் மாற்றும் விதியும் 2018-இல் அமைந்த தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையமும் ஓரளவு துணை செய்கின்றன. உரிம நிறுவனத்துக்கு அதற்கு மேலும் ஒரு வழி உண்டு.

ஒப்பந்தத்துக்குள்ளேயே ஓர் இடம்

துறைமுக முன்மாதிரி ஒப்பந்தங்களில் 'சார்பற்ற பொறியாளர்' என்று ஒருவருக்கு இடம் இருக்கிறது. கட்டுமானம் சொன்னபடி நடக்கிறதா என்று அவர் இரு தரப்புக்கும் பொதுவாக நின்று பார்க்கிறார். நிதி வலுவுக்கும் அப்படி ஒருவரை ஒப்பந்தமே நியமிக்கலாம். ஏலம் முடிந்து கையெழுத்திடும் முன் ஒரு முறையும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், எஞ்சிய காலம் முழுமைக்குமான கணக்கை அவர் போட வேண்டும். ராயல்டி அட்டவணை, கட்டண விதி, சரக்குக் கணிப்பு மூன்றையும் ஒரே தாளில் வைத்து, மிச்சம் எந்த ஆண்டில் மறைகிறது என்று எழுதி, அதைத் துறைமுகமும் நிறுவனமும் நிறுவனத்தின் தணிக்கையாளரும் தலைமைத் தணிக்கையாளரின் அலுவலகமும் பெற வேண்டும். சரக்குக் கணிப்பில் அவருக்குத் துறை வல்லுநரின் உதவி தேவைப்படும். பாரைச் சோதிக்கக் குளியாளர் இறங்கியதைப் போன்ற துணை அது. அவருடைய ஊதியத்தை இரு தரப்பும் சரிபாதியாகக் கட்ட வேண்டும். இடையில் மாற்றுவதற்கும் இருவரின் சம்மதம் வேண்டும்.

இதில் நான் தயங்கும் இடம் ஒன்று உண்டு. கையெழுத்துக்கு முன் வரும் முதல் கணக்கு 'இந்த ஏலத் தொகை தாங்காது' என்று சொன்னால், அதிகத் தொகை கேட்டவரை ஒதுக்கும் துணிவு எந்தத் துறைமுக அதிகாரிக்கு வரும்? குறைந்த தொகைக்கு உரிமம் கொடுத்தால் அரசுக்கு இழப்பு என்று மறுநாளே தணிக்கைக் குறிப்பு வரும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆகவே அரசுத் தணிக்கையும் தன் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏலத்தில் சொன்ன தொகையைக் கணக்கில் வைக்காமல், உரிமக் காலம் முழுவதும் உண்மையில் கைக்கு வரக்கூடிய தொகையை வருவாயாகக் கொள்ளும் அளவுகோல் வந்தால்தான் அந்த அதிகாரி கையெழுத்திட மறுக்க முடியும்.